கோதிக் தேவாலயத்தை உடுப்பில் கொண்டுவருவது: கூர்வளைவு ஜன்னல், தோள் முட்டு, கூம்புத் தொப்பி. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

பாளை நூல்கண்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பேஷன் டிசைன் படிக்கிற மூணு பிள்ளைகளோட இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு உடுப்பு தைச்சுக் கொடுக்க வேண்டியிருக்கு. தலைப்பு: இடைக்கால உடையிலும் இன்றைய உடையிலும் கோதிக் கட்டடக்கலையின் தாக்கம். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம், மெஞ்ஞானபுரம் கோயில், இடையன்குடி கோயில்னு நம்ம பக்கத்துத் தேவாலயம் மூணையும் போட்டோ எடுத்து ஸ்கெட்ச் போட்டுக் கொண்டு வந்திருக்காவ. ஸ்கெட்ச் நல்லாத்தான் இருக்கு, துணியில வரமாட்டேங்குது. சந்தேகங்கள் இவைதான்:

முதல்ல வரலாறு. ரிப்போர்ட்ல "கூம்புத் தொப்பி கோபுரத்தைப் பார்த்து வந்தது, கூர்மூக்குச் செருப்பு கூர்வளைவைப் பார்த்து வந்தது" என்று எழுதியிருக்காங்க. வைவால, அதான் வாய்மொழித் தேர்வுல, கேள்வி வந்தா நிக்குமா?

அடுத்து, கவுன் முதுகில் மூணு கூர்வளைவு ஜன்னல் வெட்டி, உள்ளே கலர் ஆர்கன்சா (ஊடே தெரியுற மெல்லிய விறைப்புத் துணி) வைக்கணும். கவுன் துணி பாலியஸ்டர் டஃபேட்டா, பளபளன்னு விறைப்பா நிக்கிற துணி. சாம்பிளில் உச்சி முனை சுருங்குது, இல்லாட்டி நூல் பிரிஞ்சு வருது.

மூணாவது, தோளில் இருந்து பக்கவாட்டில் வளைஞ்சு இறங்குற முட்டு, அதான் பறக்கும் முட்டு, கோயில் சுவரை வெளியே இருந்து தாங்குற கல் வளைவு மாதிரி. கட்டுக்கம்பி போட்டா கொஞ்ச நேரத்துல தொங்கிப் போகுது.

கடைசியா கூம்புத் தொப்பி. தலையில நிக்கணும், கழுத்து வலிக்கக் கூடாது.

துணி அகலம் 44 இஞ்ச். மேடை திறந்தவெளி, ஏப்ரல் சாயங்காலம். நம்ம ஊர் வெக்கை தெரியும்லா, அதையும் மனசுல வெச்சு சொல்லுங்க.

---

கல்லும்துணியும் பதில்:

ரிப்போர்ட்டில் இருக்கிற அந்த இரண்டு வரியையும் அப்படியே விட்டால் வைவாவில் மாட்டிக்கொள்வார்கள். காலக்கணக்கே ஒத்துவராது.

பாரிஸுக்குப் பக்கத்தில் சான் தெனி மடாலயக் கோயிலின் கிழக்குப் பகுதியை மடாதிபதி சுஜே புதுப்பித்து 1144-ல் அர்ப்பணித்தார். கூர்வளைவு, விலா வளைவுக் கூரை (விலா எலும்பு மாதிரி கல் வளைவுகள் ஓடும் கூரை), பெரிய கண்ணாடி ஜன்னல் மூன்றும் ஒன்றாகக் கூடி வந்தது அங்கேதான் என்று கொள்வது வழக்கம். ஹெனின் என்று இப்போது நாம் சொல்கிற கூம்புத் தொப்பி பர்கண்டி, பிரெஞ்சு அரசவைகளில் ஓங்கி நின்றது 15-ஆம் நூற்றாண்டின் நடுவில். நடுவே 300 வருஷம் இருக்கிறது. கோபுரத்தைப் பார்த்த மாத்திரத்தில் தொப்பி வந்தது என்றால் அந்த 300 வருஷம் எல்லாரும் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தேர்வாளர் கேட்பார்.

கூர்மூக்குச் செருப்பும் அப்படித்தான். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓர் அலை, 1460-களில் இன்னோர் அலை. இங்கிலாந்தில் 1463-ல் சட்டமே போட்டார்கள்: பிரபு அந்தஸ்துக்குக் கீழே உள்ளவர்கள் 2 அங்குலத்துக்கு மேல் மூக்கு நீண்ட செருப்பு போடக் கூடாது. அந்தச் சட்டத்தின் கவலை அந்தஸ்து, கட்டடம் இல்லை. லண்டன் தேம்ஸ் கரையில் தோண்டி எடுத்த சில செருப்புகளின் மூக்குக்குள் பாசியை அடைத்து விறைப்பாக வைத்திருக்கிறார்கள். தைக்கிறவர்களுக்கு இது உபயோகமான தகவல். பஞ்சு அடைத்தால் நாளடைவில் அமுங்கும், அடைக்கிற பொருளுக்கு விறைப்பு வேண்டும்.

அப்படியானால் தாக்கமே இல்லையா? இருக்கிறது. கையில் பிடித்துக் காட்டக்கூடிய சாட்சி பூசை உடையில் இருக்கிறது. இங்கிலாந்தில் 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் ஓபஸ் ஆங்கிலிகானம் என்ற பெயரில் ஐரோப்பா முழுக்கப் போன பூவேலை. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் உள்ள பட்லர்-பவ்டன் மேலங்கியைப் பாருங்கள். 1330–1350 காலம், சிவப்பு வெல்வெட், அதன்மேல் வரிசை வரிசையாகத் தூண்களும் கூர்வளைவுகளும், ஒவ்வொரு வளைவுக்குள்ளும் மரியாளின் வாழ்க்கைக் காட்சியோ ஒரு புனிதரோ. கோயில் முகப்பில் சிலை நிற்கிற மாடத்தை அப்படியே துணியில் தைத்து, கோயிலுக்குள் நிற்கிற குருவின் தோளில் போட்டிருக்கிறார்கள். இங்கே "தாக்கம்" என்று தைரியமாக எழுதலாம்.

மற்றதற்கெல்லாம் "ஒரே காலத்து ரசனை" என்று எழுதச் சொல்லுங்கள். உயரம், மெலிவு, நெடுக்குக் கோடு என்கிற ஆசை கல்லிலும் இருந்தது, துணியிலும் இருந்தது. ஊப்லாண்ட் என்கிற அகலமான அங்கியில் குழாய் குழாயாக இறங்கும் மடிப்பு, விளிம்பை இலை மாதிரி கத்தரித்து விடுவது இரண்டும் அந்த ரசனைக்கு நல்ல உதாரணம். ஒன்றைப் பார்த்து மற்றது பிறந்தது என்று நிரூபிக்க முடியாது, தேவையுமில்லை.

பிள்ளைகள் அடிக்கடி செய்கிற ஒரு தப்பு உண்டு. ஷார்த்ர் கோயிலின் மேற்கு வாசலில், 1145-ஐ ஒட்டிச் செதுக்கிய ராஜா ராணி சிலைகளைப் பார்த்து, "அந்தக் காலத்து உடை இப்படிக் குழல் மாதிரி ஒட்டி இருந்தது" என்று எழுதிவிடுவார்கள். அந்தச் சிலைகள் தூணோடு தூணாக நிற்பவை. நீளமும் மெலிவும் தூண் கேட்ட அளவு. மடிப்பு எப்படி விழுகிறது, கச்சை எங்கே முடிகிறது என்பதற்கு அவை நல்ல ஆதாரம். உடம்பு விகிதத்துக்கு ஆதாரமாக எடுக்காதீர்கள்.

இன்றைய பகுதிக்கு: நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2018-ல் கத்தோலிக்கக் கற்பனையும் பேஷனும் என்ற பொருளில் பெரிய கண்காட்சி வைத்தது. அதில் ஒரு பகுதி க்ளாய்ஸ்டர்ஸ் கிளையில், உண்மையான இடைக்காலக் கட்டடத் துண்டுகளுக்கு நடுவே உடைகளை நிறுத்திக் காட்டினார்கள். ஐரிஸ் வான் ஹெர்பென் 2012-ல் முப்பரிமாண அச்சில் செய்த கத்தீட்ரல் உடையும் கட்டாயம் வர வேண்டும். டோல்சே அண்ட் கபானாவின் 2013 இலையுதிர்காலத் தொகுப்பை மட்டும் தயவுசெய்து கோதிக் என்று போட வேண்டாம். அது சிசிலியின் மோன்ரியாலே கோயில் மொசைக்கில் இருந்து எடுத்தது, நார்மன்–பைசாண்டிய வேலை. தங்கமும் சிலுவையும் இருந்தால் கோதிக் ஆகிவிடாது.

---

கத்தரி மாஸ்டர் பதில்:

வரலாறு அண்ணாச்சி சொல்லிட்டாவ. நான் முதுகு ஜன்னலுக்கு வாரேன்.

உச்சி சுருங்குறதுக்கு முதல் காரணம் தையல் இல்லை, படம். பிள்ளைகள் கண்ணளவில் வரைஞ்சா உச்சிக் கோணம் 40, 50 டிகிரின்னு வேல் முனை மாதிரி வந்துரும். அதுல தையல் ஓரம் வைக்க இடமே இருக்காது. உண்மையான கோதிக் வளைவு அவ்வளவு கூர்மை கிடையாது. காம்பஸ் எடுத்துப் போடச் சொல்லுங்க.

ஜன்னல் அகலம் 7 செ.மீ.ன்னு வைங்க. அடிக்கோட்டின் இரண்டு முனையிலயும் காம்பஸ் ஊசியைக் குத்தி, 7 செ.மீ. ஆரத்துல இரண்டு வில் போட்டா அது சமபக்க வளைவு. உயரம் அகலத்தைப்போல 0.866 பங்கு, அதாவது 6 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல. உச்சிக் கோணம் 120 டிகிரி. இன்னும் ஒடுக்கமா, ஈட்டி ஜன்னல் மாதிரி வேணும்னா அடிக்கோட்டை இரண்டு பக்கமும் நீட்டி, மையத்தை அந்த நீட்டல்ல நகர்த்தணும். ஆரம் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு, 10.5 செ.மீ. வெச்சா உயரம் 7.8 செ.மீ. வரும். கோணம் அப்பவும் 96 டிகிரிதான். ஆரத்தை இரண்டு மடங்கு ஆக்கினாக்கூட 83 டிகிரிக்குக் கீழே போகாது. கண்ணுக்கு ஒடுக்கமாத் தெரியுறது கீழே இருக்கிற நேர்ச்சுவர் உயரத்தால, உச்சியால இல்ல. ஆகவே ஒன்றரை மடங்கு ஆரம், கீழே 14 செ.மீ. நேர்க்கோடு. நடு ஜன்னலுக்கு மட்டும் நேர்க்கோட்டை 18 ஆக்குங்க. மூணுக்கும் ஒரே வளைவு, அட்டை ஒண்ணு வெட்டுனாப் போதும்.

ஜன்னலுக்கு ஜன்னல் இடைவெளி 2.5 செ.மீ. விடணும். 1 செ.மீ. விட்டு நிறையப் பேர் வரைவாங்க, பார்க்க அழகு. ஆனா இரண்டு பக்கத்து மடிப்பும் அந்தப் பட்டைக்குப் பின்னாலதான் போய்ப் படுக்கணும், ஆறு ஆறு மி.மீ. சேர்ந்தா 12. பட்டை அதைவிடக் குறைஞ்சா ஒரு ஜன்னலின் ஓரம் அடுத்த ஜன்னல்ல எட்டிப் பார்க்கும்.

தைக்கிற முறை. டஃபேட்டாவின் உள்பக்கம், ஜன்னலைச் சுத்தி 3 செ.மீ. அகலத்துக்கு மெல்லிசு ஃப்யூசிங் (இஸ்திரி சூட்டில ஒட்டுற உள்துணி) ஒட்டுங்க. கனமான காலர் கேன்வாஸ் வேண்டாம், முதுகு அட்டை மாதிரி நிக்கும். இஸ்திரி மிதமான சூட்டில, மேல ஒரு காட்டன் துணி போட்டு. பாலியஸ்டர் டஃபேட்டா நேர்ச் சூட்டில பளபளன்னு தடம் விழும், திரும்பப் போகாது. பிறகு அதே நிறத்து மெல்லிய கேம்ப்ரிக்கை நல்லபக்கத்தோட நல்லபக்கம் வெச்சு, கோட்டின் மேலயே தையல். தையல் நீளம் 1.5 மி.மீ., உச்சிக்கு 2 செ.மீ. இருக்கும்போது 1 மி.மீ. ஆக்குங்க. ஊசி 9 அல்லது 11 நம்பர். 16 போட்டா ஓட்டை தெரியும்.

உச்சியில பட்டுன்னு திருப்பக் கூடாது. ஊசியை இறக்கி, குறுக்கால ஒரே ஒரு தையல் போட்டு, மறுபடி ஊசியை இறக்கித் திருப்புங்க. அந்த ஒரு தையல் திரும்புறப்ப மடிப்புக்கு இடம் கொடுக்கும். வெளியே பார்க்கக் கூர்மையாத்தான் தெரியும்.

அப்புறம் உள்ளே 6 மி.மீ. விட்டு வெட்டி, வளைவில 8 முதல் 10 மி.மீ.க்கு ஒரு வெட்டு, உச்சியில தையலுக்கு ஒரு நூல் மிச்சம் வரைக்கும் ஒரே வெட்டு. சுருங்குதுன்னா இந்த உச்சி வெட்டு ஆழமில்லைன்னு அர்த்தம். பிரியுதுன்னா ஃப்யூசிங் உச்சி வரை போகலைன்னு அர்த்தம். வெட்டுறதுக்கு முன்னாடி உச்சியில துணிப்பசை ஒரு ஊசிமுனை அளவு தொட்டு, நல்லாக் காய விட்டு வெட்டுனா இன்னும் பாதுகாப்பு. திருப்பின பிறகு கேம்ப்ரிக்கை மட்டும் மடிப்போட சேர்த்து ஓரத்தையல் போடுங்க. உச்சிக்கு 1.5 செ.மீ. முன்னாடியே நிறுத்திரணும், மிஷின் அதுக்குமேல போகாது.

முதுகில கலர் ஆர்கன்சா வைக்கப்போறதா சொன்னீங்க. ஸ்கெட்ச்ல சிவப்பும் நீலமும் ஜொலிக்கும். மேடையில கருப்பாத் தெரியும். கோயில் கண்ணாடிக்குப் பின்னாலயிருந்து வெளிச்சம் வருது, உடுப்புக்கு முன்னாலயிருந்து வருது. ஆர்கன்சாவுக்குப் பின்னால தோல் அல்லது கருப்பு லைனிங் இருந்தா வெளிச்சம் உள்ள போயிரும், திரும்பி வராது. பின்னால வெள்ளி நிறமோ வெளிர் தங்கமோ டிஷ்யூ துணி ஒரு அடுக்கு வைங்க. அதுக்கும் பின்னால வியர்வை பிடிக்க மல் காட்டன்.

---

மிஷின்கால் பதில்:

மாஸ்டர், பாவாடைப் பகுதிக்கும் ஒரு வார்த்தை. விலா வளைவு மாதிரி பைப்பிங் (கயிறை உள்ள வெச்சுத் தையல்ல சேர்க்கிற துணிக்கரை) போடலாம்னு நிறைய பேர் சொல்றாங்க. இடுப்புல மொத்தமாத் திரண்டு நிக்குதே?

---

கத்தரி மாஸ்டர் பதில்:

கயிறை இடுப்புத் தையலுக்கு 1.5 செ.மீ. முன்னாடியே உருவி வெட்டிரணும். வெறும் பைப்பிங் துணி மட்டும் தையலுக்குள்ள போகணும். 12 பேனல், 12 கயிறு, எல்லாம் இடுப்புல கூடுனா மிஷின் ஊசிதான் ஒடியும்.

கணக்கு வேணும்னா: இடுப்பு 72 செ.மீ., 12 பேனல், ஒவ்வொண்ணும் மேல 6, கீழ 30, இரண்டு பக்கமும் ஒன்றரை தையலுக்கு. ஆக 9-க்கு 33. நீளம் 110. 44 இஞ்ச் துணியில தலைகீழாத் தலைகீழா அடுக்குனா ஒரு வரிசைக்கு நாலு பேனல் விழும், மூணு வரிசை, 3.4 மீட்டர் போதும். கீழ்ச்சுற்று 3.6 மீட்டர் கிடைக்கும். ஆனா இருநிற ஷாட் டஃபேட்டாவா இருந்தா தலைகீழா அடுக்காதீங்க. ஒரு பேனல் ஊதா, அடுத்தது பச்சைன்னு வெளிச்சத்துல மாறி மாறி அடிக்கும். அதுக்குத் துணி கூட வாங்கணும்.

கயிறு 4 மி.மீ. காட்டன். வாங்கின உடனே வெந்நீர்ல முக்கிக் காயப் போட்டுட்டுத் தைங்க. இல்லாட்டி முதல் துவைப்புல கயிறு சுருங்கி ஒவ்வொரு தையலும் மேல ஏறிக்கும். பைப்பிங் துணி சாய்வா (கிராஸ்ல) வெட்டி 4 செ.மீ. அகலம், ஒற்றைக்கால் பாதம் போட்டுத் தைங்க.

கீழே இன்னும் விரியணும்னா ஒவ்வொரு தையலையும் முழங்கால் கிட்ட பிரிச்சுவிட்டு, கூர்வளைவுத் தலை வெச்ச முக்கோணத் துண்டு சேர்க்கலாம். கிரீன்லாந்து ஹெர்யோல்ப்ஸ்நெஸ் கல்லறைத் தோட்டத்தில் 1921-ல் தோண்டி எடுத்த இடைக்காலக் கம்பளி அங்கிகள்ல இந்த முக்கோணத் துண்டுதான் விரிவைக் கொடுக்குது. அங்கே தலை வளைவா இருக்காது, நேர் முக்கோணம். வளைவுத் தலை இந்தக் காலத்து ஆசை. செய்யலாம், ஆனா ரிப்போர்ட்ல இடைக்கால முறைன்னு எழுதிராதீங்க. சேர்த்த பிறகு ஒரு ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டுட்டு அப்புறம் அடி மடிக்கணும். சாய்வா வெட்டின ஓரம் இழுத்து அங்கங்க இறங்கும்.

---

சாரமும்முட்டும் பதில்:

தோள் முட்டு தொங்குவது கம்பியின் குற்றம் மட்டும் இல்லை. கட்டடத்தில் அந்த முட்டு என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் எங்கே தப்பு என்று தெரியும்.

உயரமான கல் கூரை சுவரை வெளிப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலை வளைவான முட்டு வாங்கி, வெளியே தரையில் ஊன்றி நிற்கும் கனமான தூணுக்குக் கொண்டுபோகும். தூணின் தலையில் கல் சிகரம் வைப்பது அலங்காரத்துக்கு மட்டும் இல்லை, அந்தப் பாரம் தள்ளலைக் கீழ்நோக்கித் திருப்ப உதவுகிறது. போவே கோயிலில் கூரையை 48 மீட்டருக்குத் தூக்கினார்கள், 1284-ல் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. முட்டின் இரண்டு முனையும் எங்காவது ஊன்றியிருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை.

உங்கள் உடுப்பில் மேல்முனை தோளில் இருக்கிறது, கீழ்முனை காற்றில் இருக்கிறது. அப்படியானால் அது முட்டு இல்லை, வெறும் நீட்டல். எந்தக் கம்பி போட்டாலும் தோள் தையலில் திருகி முன்னால் சாயும். கீழ்முனையை இடுப்பில் ஊன்றுங்கள்.

அதற்கு உள்ளே ஒரு கச்சு வேண்டும். காட்டன் டிரில் இரண்டு அடுக்கு, தோளுக்கு மேல் போகும் பட்டையோடு, அக்குளுக்குக் கீழிருந்து இடுப்புக்கு 6 செ.மீ. கீழ் வரை, இடுப்புக் கோட்டில் 2.5 செ.மீ. அகல விறைப்பான பெல்ட் டேப்பைச் சுற்றித் தைத்து முன்னால் கொக்கி. வெளி கவுனின் பாரமெல்லாம் அந்த டேப்பில் நிற்கும், தோளில் ஏறாது. நெடுக்காக எட்டு முதல் பத்து எலும்பு, அதாவது கச்சை விறைப்பாக நிறுத்தும் பட்டைகள். கடையில் கார்செட் எலும்பு கிடைக்காவிட்டால் எலக்ட்ரிக்கல் கடையில் அகலமான கேபிள் டை வாங்குங்கள், 9 மி.மீ. அகலம் சரியாக இருக்கும். தலையை வெட்டி, இரண்டு முனையையும் வட்டமாக வெட்டி உப்புத்தாள் போட வேண்டும். சும்மா வெட்டிவிட்டால் மேடையிலேயே துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். எலும்புக் குழாய் 11 மி.மீ. அகலம், எலும்பு இரண்டு முனையிலும் தையலுக்கு 1 செ.மீ. குறைவாக. கேபிள் டைக்குப் பிறவி வளைவு ஒன்று உண்டு. இரண்டிரண்டாக எதிரெதிர் பக்கம் வளையும்படி வைத்தால் நேராக நிற்கும்.

முட்டுக்கு கட்டுக்கம்பி ஆகாது. கம்பி கட்டுவதற்காகவே பதம் போட்டு மென்மையாக்கிய சரக்கு அது, வளைத்த பக்கம் போகும், திரும்பாது. 3 மி.மீ. அலுமினியக் கம்பி இரண்டு எடுத்து, ஒன்று மேல்வளைவு, மற்றது அதற்கு 4 செ.மீ. கீழே இணைவளைவு. இரண்டுக்கும் நடுவே குறுக்காக, சாய்வாக, சின்னச் சின்னத் துண்டுகளைக் கட்டுங்கள். முக்கோணம் முக்கோணமாக வர வேண்டும். சதுரம் சதுரமாகக் கட்டினால் சாய்ந்துவிடும். இரண்டு பக்கமும் 5 மி.மீ. ஈவிஏ ஃபோம் ஒட்டி, மேலே துணி. ஒரு முட்டு 250 கிராமைத் தாண்டக் கூடாது.

கீழ்முனையில் கம்பியை வளையமாக்கி, உள் கச்சின் இடுப்பு டேப்பில் கையால் அழுத்தித் தையுங்கள். வெளி கவுனில் அந்த இடத்தில் காஜா ஓட்டை. மேல்முனை தோள் தையலில் வேண்டாம், தோளில் இருந்து 3 செ.மீ. உள்ளே கச்சின் பட்டையில் கொக்கி போட்டு மாட்டுங்கள். பிள்ளை கையைத் தூக்கினால் தோள் ஏறும், முட்டும் சேர்ந்து காதில் இடிக்கக் கூடாது அல்லவா.

வெக்கை பற்றிக் கேட்டீர்கள். ஃபோம் உடம்பைத் தொடும் இடம் எதுவும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். மற்றது காட்டன் கச்சு பார்த்துக்கொள்ளும்.

---

இருள்ராணி பதில்:

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? கருப்பு கவுன், கருப்பு லேஸ், கருப்பு லிப்ஸ்டிக் போட்டாலே கோதிக்தானே. மக்களுக்கும் உடனே புரியும்.

---

குச்சி லேஸ் பதில்:

தங்கச்சி, நீங்க சொல்றது 1970-களின் கடைசியில் இங்கிலாந்தின் பாட்டுக் குழுக்களைச் சுத்தி வளர்ந்த உடுப்பு. அதுக்குச் சொந்தக்காரங்க தேவாலயம் இல்ல, விக்டோரியா காலத்துத் துக்க உடையும் பேய்க் கதையும். ப்ராஜெக்ட் கட்டடக்கலை பத்தினது. கருப்பே கூடாதுன்னு இல்ல. ஆனா 13-ஆம் நூற்றாண்டுக் கோயில் உள்ளே கலர் கலரா இருந்தது, கல்லுக்கே சாயம் பூசியிருந்தாங்க.

லேஸ் விஷயத்துலயும் கவனம். இடைக்கால உடையில் லேஸ் கிடையாது. ஊசி லேஸும் (ஊசியில பின்னுறது) குச்சி லேஸும் (நூல் சுத்தின குச்சிகளை மாத்தி மாத்திப் பின்னுறது) இத்தாலியிலயும் பிளாண்டர்ஸ் பக்கமும் பெருகினது 16-ஆம் நூற்றாண்டில். அதுக்குள்ள கோதிக் பாணி அந்திக்கு வந்தாச்சு. கல் ஜன்னல் சட்டத்தைப் பார்த்தா லேஸ் ஞாபகம் வரும், அது நம்ம கண்ணு.

இருந்தாலும் இந்தப் பிள்ளைகள் லேஸ் வைக்கலாம், வைக்கிறதுக்கு நம்ம ஊர்லயே காரணம் இருக்கு. இடையன்குடியில் பிஷப் கால்டுவெல் கட்டின பரிசுத்த திரித்துவ ஆலயம் 1880-ல் பிரதிஷ்டை ஆச்சு, கூர்வளைவு ஜன்னல் வெச்ச கோயில். அதே ஊர்ப் பெண்களுக்குக் குச்சி லேஸ் சொல்லிக் கொடுத்தது கால்டுவெல்லின் மனைவி எலைசா. அவங்க நாகர்கோவில் மிஷனரி மால்ட் தம்பதியின் மகள், அங்கே அவங்க அம்மா மார்த்தா லேஸ் பள்ளிக்கூடம் நடத்தினாங்க. கோதிக் ஜன்னலும் லேஸும் ஒரே மிஷன் வீட்டில இருந்து ஒரே ஊருக்கு வந்தது. ரிப்போர்ட்ல இதை "19-ஆம் நூற்றாண்டு கோதிக் மறுமலர்ச்சி, திருநெல்வேலி" என்று தனிப் பகுதியா எழுதச் சொல்லுங்க. ஊசிக்கோபுரத் தேவாலயம் 1826, மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடி கோபுரம் 1868. இடைக்காலம்னு ஒண்ணாச் சேர்த்து எழுதினா தப்பு.

சக்கர ஜன்னலை (கோதிக் கோயில்ல இருக்கிற பெரிய வட்டக் கண்ணாடி ஜன்னல்) ஆரி வேலையில, அதாவது கொக்கி ஊசியால போடுற பூவேலையில, போடுறதா இருந்தா: வட்டத்தை 12 பங்காப் பிரிங்க, 30 டிகிரிக்கு ஒண்ணு. ஆரத்தையே அளவா வெச்சு வட்டத்தைச் சுத்தி வந்தா ஆறு புள்ளி கிடைக்கும், ஒவ்வொண்ணையும் பாதியாக்குனா 12. முதல்ல கருப்பு சங்கிலித் தையல் இரண்டு வரிசை, அது கண்ணாடித் துண்டுகளைப் பிடிக்கிற ஈயச் சட்டம். இதழ் வளைவில சங்கிலி 2 மி.மீ.க்கு மேல போகக் கூடாது, போனா வளைவு முறிஞ்சு கோணல் கோணலாத் தெரியும். ஃப்ரேமில துணி தளர்ந்தாலும் அதே கதி. தட்டுனா மேளம் மாதிரி சத்தம் வரணும். வெளிவட்டத்தை முதல்ல முடிக்காதீங்க, நடுவில இருந்து வெளியே போங்க. வெளியே முடிச்சுட்டு உள்ளே வந்தா நடுவில துணி பொம்மும்.

தங்க ஜரிகை வைக்கிறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கிடுங்க. மேல சொன்ன ஆங்கிலப் பூவேலையில தங்க நூலை மேலே படுக்க வெச்சு, அடியில இருக்கிற லினன் நூலால ஒவ்வொரு இடத்திலயும் சின்னக் கொக்கியாத் துணிக்குக் கீழே இழுத்துப் பிடிப்பாங்க. ஒவ்வொரு பிடிப்பும் கீல் மாதிரி மடங்கும், அவ்வளவு தங்கம் இருந்தும் அங்கி குழைஞ்சு விழும். நம்ம சர்தோசி வேலையில வைக்கிற உலோகச் சுருள் அப்படி மடங்காது. அதனால சர்தோசியை முதுகு ஜன்னலுக்கு நடுப்பட்டையிலயும் மார்புத் துண்டிலயும் மட்டும் வைங்க, முழங்கை மடிப்பிலயும் இடுப்பிலயும் வேண்டாம்.

---

கல்லும்துணியும் பதில்:

தொப்பியை யாரும் எடுக்கவில்லையே. நான் சொல்கிறேன்.

படங்களில் பார்க்கிற எல்லா ஹெனினும் ஆளுயரம் இல்லை. உச்சி வெட்டின, பூந்தொட்டியைக் கவிழ்த்த மாதிரியான குட்டைத் தொப்பிகளும் நிறைய. முதல் முறை செய்கிறவர்களுக்கு அதுவே நல்லது. நெட்டைதான் வேண்டும் என்றால் சாய்வு உயரம் 45 செ.மீ.யோடு நிறுத்துங்கள். தலைச்சுற்று 56 செ.மீ. என்றால், 45 செ.மீ. ஆரத்தில் வட்டம் வரைந்து அதில் 71 டிகிரி துண்டை வெட்டினால் கூம்பு சரியாக வரும். ஒட்டுவதற்கு 2 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடிவிளிம்பை நேராக விட்டால் தொப்பி பிறந்தநாள் குல்லா மாதிரி செங்குத்தாக நிற்கும். அது பின்னோக்கிச் சுமார் 45 டிகிரி சாய வேண்டும். நெற்றிப் பக்க விளிம்பை அப்படியே விட்டு, பிடரிப் பக்கம் 5 செ.மீ. வரை குறைத்துச் சரிவாக வெட்டுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் போட்டுப் பார்க்க வேண்டும். தலைக்குத் தலை மாறும்.

கூம்புக்கு ஒரே அடுக்கு பக்ரம் (கஞ்சி போட்ட விறைப்புத் துணி), அடிவிளிம்பில் மட்டும் மெல்லிய கம்பி. மேலே துணி, உச்சியில் மெல்லிய வாயல் முக்காடு ஒன்றரை மீட்டர். ஆர்கன்சா முக்காடு காற்றில் விறைத்து நின்று தொப்பியை இழுக்கும். மொத்தம் 150 கிராமுக்குள் நிற்க வேண்டும்.

பின்னால் சாய்கிற தொப்பி பின்னால் விழாமல் எப்படி நின்றது? அந்தக் கால ஓவியங்களில் பெண்களின் நெற்றியில் ஒரு சின்னக் கருப்பு வளையம் தெரியும். உள்தொப்பியில் தைத்த வளையம் அது. உள்ளே தலையைக் கவ்விப் பிடிக்கும் வெல்வெட் பட்டை ஒன்று தையுங்கள், 6 செ.மீ. அகலம், வெல்வெட்டின் மயிர் பக்கம் தலையைத் தொடும்படி. முடியை மேலே இழுத்துக் கொண்டை போட்டு, கொண்டை கூம்புக்குள் போக வேண்டும். நான்கு ஹேர்பின் உள்பட்டை வழியாகக் கொண்டையில் ஏற வேண்டும். ஒரு விஷயம்: எண்ணெய் வைத்த தலையில் வெல்வெட்டும் வழுக்கும். அன்றைக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

---

பாளை நூல்கண்டு பதில்:

எல்லாருக்கும் நன்றி. மாஸ்டர், காம்பஸ் போட்டு வரைஞ்சதும் உச்சி சுளுவாத் திரும்பிட்டு. சாரம் அண்ணாச்சி, ஒரே ஒரு சந்தேகம்: முட்டு வெச்ச பிள்ளை எப்படி உட்காரும்? மேடைக்குப் பின்னால ரொம்ப நேரம் காத்திருக்கணும்.

---

சாரமும்முட்டும் பதில்:

உட்காரலாம், சாய முடியாது. முதுகு சாய்க்காத ஸ்டூல் போடுங்கள், கை வைத்த நாற்காலி ஆகாது. முட்டின் மேல்கொக்கியைக் கழற்றி முன்னால் மடக்கி வைத்துவிட்டு, கூப்பிடுவதற்கு முன் மாட்டிவிடலாம். அதற்காகத்தான் மேல்முனையில் கொக்கி சொன்னேன். கொக்கி பித்தளையாக வாங்குங்கள். இரும்பு வியர்வையில் துருப்பிடித்து வெளிர் டஃபேட்டாவில் கறை ஏற்றிவிடும்.